பச்சைக் கவுனின் உள்மடிப்பு

தங்கமணி என் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பென் டிரைவைக் கையில் எடுத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை. நான் சட்னிக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். "சாப்பிட்டியா தங்கமணி?" என்று கேட்டதற்கு, "என்ற அம்மா மொகமெல்லாம் ரோஸ் கலர்ல இருக்குதுங்கக்கா" என்று பதில் வந்தது.

தங்கமணி எங்கள் தெருக்கோடியில் குடியிருப்பவள். அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். வயது நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. டீ-ஷர்ட்டில் கடுகளவு ஓட்டை இருந்தாலும் நாலடி தள்ளி நின்றே சொல்லிவிடுவாள். கம்பெனியில் அவளைக் கண்டால் டெய்லர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்களாம். அப்படிப்பட்டவள் அன்றைக்கு வந்து நின்ற நிலையைப் பார்த்ததும் நான் அடுப்பை அணைத்துவிட்டேன்.

அவளுக்கு ஒன்றரை வயது இருக்கும்போதே அம்மா டைபாய்டில் போய்விட்டார். வீட்டில் இருப்பது ஒரே ஒரு ஸ்டுடியோ போட்டோ. அதுவும் கருப்பு வெள்ளை. முகத்தில் கால் டப்பா பவுடர், மேற்கொண்டு ஸ்டுடியோக்காரரின் பென்சில் வேலை. அந்தப் படத்தைப் பார்த்து அவர் பெண்பிள்ளை என்று சொல்லலாம். வேறு எதுவும் சொல்ல முடியாது.

பென் டிரைவில் இருந்தது ஓடும் படம். தங்கமணியின் அப்பா கட்டிங் மாஸ்டராக இருந்த கம்பெனியின் முதலாளிக்கு, துணி வாங்க வந்த வெளிநாட்டு பையர் ஒருவர் ஊர் திரும்பும்போது ஒரு சின்ன மூவி கேமராவைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். கையில் கேமரா கிடைத்த மனிதர் சும்மா இருப்பாரா? கோழி, கார், நிட்டிங் மெஷின், மாமியார் என்று கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்துத் தள்ளியிருக்கிறார். அவர் மகன் இப்போது வீட்டை இடித்துக் கட்டும்போது பிலிம் சுருள்கள் அகப்பட்டிருக்கின்றன. சென்னைக்கு அனுப்பிக் கம்ப்யூட்டரில் ஏற்றி, யார் யார் படத்தில் இருக்கிறார்களோ அவரவர் குடும்பத்துக்கு ஒரு காப்பி கொடுத்திருக்கிறார். நல்ல மனசு.

ஆயுத பூஜைக் காட்சி ஒன்றில், பொட்டு வைத்த நிட்டிங் மெஷினுக்குப் பக்கத்தில், இடுப்பில் குழந்தையோடு தங்கமணியின் அம்மா நிற்கிறார். நாற்பது நொடி. ஆனால் படம் முழுக்க ரோஸ் பவுடரைக் கொட்டியது மாதிரி இருந்தது. சுவர், மெஷின், மாலை, ஆட்கள் எல்லாம் ஒரே நிறம்.

"கலரச் சரி பண்ணிக் குடுங்கக்கா. நான் அவிங்களாட்ட ஏதாச்சும் இருக்கறனான்னு ஒருக்கா பாக்கோணுமுங்க" என்றாள் தங்கமணி.

எனக்கு எதற்கு இந்த வேலை

இந்தத் தொடரில் என் சாயப்பட்டறைக் கதைகளை வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். பல்லடம் ரோட்டுப் பக்கம் ஒரு டையிங் யூனிட்டின் லேபில் நிறம் பார்ப்பதுதான் என் பிழைப்பாக இருந்தது. பையர் ஒரு துண்டுத் துணி அனுப்புவார். அதே நிறத்தை நாங்கள் கொண்டுவர வேண்டும். வந்துவிட்டதா இல்லையா என்று கடைசியாகச் சொல்கிற கண் என்னுடையது.

அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்துவது கஷ்டம். ஜவுளிக்கடையில் டியூப் லைட் வெளிச்சத்தில் எடுத்த சேலையைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடுவேன். கடைக்காரர் நான் திருடிக்கொண்டு ஓடுவதாக நினைத்துப் பின்னாலேயே வருவார். என் வீட்டுக்காரருக்கு உலகத்தில் ஏழு நிறம்தான். பச்சை என்றால் பச்சை. "இதுல என்னத்த வித்தியாசம் கண்டுட்ட?" என்று அவர் கேட்காத நாள் கிடையாது. முப்பத்தோரு வருஷமாக நானும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்தபோது கண் சும்மா இருக்க மறுத்தது. பெங்களூரில் இருக்கும் மகள் தன் பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். எங்கள் வீட்டுக் கல்யாணப் படம் ஒன்றைச் சரிசெய்யப் போய், அப்படியே பழகிவிட்டது. இப்போது தெரிந்தவர்கள் பழைய படங்களைக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். எனக்கும் பொழுது நன்றாகப் போகிறது.

பழைய கலர் பிலிமில் மூன்று சாயங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். மூன்றும் ஒரே வேகத்தில் வெளுத்தால் படம் மங்கும், அவ்வளவுதான். ஆனால் அப்படி நடப்பதில்லை. சிவப்பை அடக்கி வைத்திருக்கும் சாயம் முதலில் கழன்றுகொள்ளும். அதன்பிறகு சிவப்பைக் கேட்பார் இல்லை. படம் முழுக்க அதுதான் ஆட்டம் போடும். மூன்று சாயம் கலந்து போட்ட டீ-ஷர்ட் நாலு சலவையில் வேறு நிறமாகித் திரும்பி வருவதும் இதே கதைதான். எனக்கு அந்தப் பஞ்சாயத்து பழக்கம்.

வெள்ளை என்று நம்பினேன்

போன நிறத்தைத் திருப்பிக் கொண்டுவர ஒரு பிடிமானம் வேண்டும். படத்தில் ஏதாவது ஒரு பொருளின் உண்மையான நிறம் நமக்கு நிச்சயமாகத் தெரிய வேண்டும். அதை அதன் நிறத்துக்குக் கொண்டுவந்தால் மற்றதெல்லாம் பின்னாலேயே வந்து சேரும்.

தங்கமணியின் அம்மாவுக்குப் பின்னால் மேஜையில் வெளுத்த பனியன் துணி அடுக்கி வைத்திருந்தார்கள். இதைவிட என்ன வேண்டும்? அதை வெள்ளை என்று வைத்துக்கொண்டு மற்ற நிறங்களைத் திருப்பினேன். ரோஸ் விலகியது. கம்பி கம்பியாக மெஷின் தெரிந்தது. அம்மாவின் முகம் மஞ்சள் பூசிக் குளித்துவிட்டு வந்ததுபோல் பளிச்சென்று எழுந்தது.

மறுநாள் சாயங்காலம் தங்கமணியைக் கூப்பிட்டுக் காட்டினேன். வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள்.

"அத்தை சொன்னது மாதரயே இருக்கறாங்கக்கா. எலுமிச்சம்பழ நெறம்."

அத்தை என்றால் அவள் அப்பாவின் தங்கை. தங்கமணியை வளர்த்தவர். சாமளாபுரத்தில் மகன் வீட்டில் இருக்கிறார். தங்கமணி நல்ல கருப்பு. சின்ன வயதிலிருந்தே அத்தை அவளுக்குத் தலைவாரும்போதெல்லாம், "உன்ற அம்மா எலுமிச்சம்பழ நெறம் சாமி, நீ ஆராட்ட பொறந்தயோ" என்பாராம். கோபமாகச் சொன்னது கிடையாது. ஆசையாகத்தான் சொல்லுவார். அப்பா அந்தப் பேச்சு வந்தால் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார். அவரும் இப்போது இல்லை.

"அழகா இருக்கறாங்கக்கா" என்றாள் தங்கமணி. கொஞ்ச நேரம் கழித்து, "எங்கிட்ட அவிங்களது ஒண்ணுமே இல்ல பாருங்க" என்றாள்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது. நானும் கருப்புதான். என்னைப் பெண் பார்க்க வந்த இரண்டு குடும்பங்கள் என் நிறத்தைப் பார்த்துவிட்டு, ஊருக்குப் போய்க் கடிதம் போடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். இன்னும் போட்டபாடில்லை. மூன்றாவதாக வந்தவருக்கு ஏழு நிறம்தான் தெரியும் என்பதால் எனக்குக் கல்யாணம் ஆனது.

வாழைக்கன்று காய்ந்திருந்தது

அவள் போன பிறகு மறுபடி ஓட்டிப் பார்த்தேன். தொழில் புத்தி. அனுப்பப்போகும் துணியை லாரி ஏறும்வரை பார்த்துக்கொண்டிருக்கிற ஆள் நான்.

மெஷினில் கட்டியிருந்த வாழைக்கன்று கண்ணில் பட்டது. பூஜைக்குக் காலையில் வெட்டிக் கட்டியது. அது நாலு நாள் வெயிலில் கிடந்தது மாதிரி பழுத்துப்போய்த் தெரிந்தது. பூஜைக்குப் பழுத்த வாழையை யார் கட்டுவார்கள்?

எங்கே தப்பு என்று எழுந்து நடந்தேன். சமையலறை ஜன்னல் வழியாக, பக்கத்து வீட்டில் வெள்ளை வேட்டிகள் காய்வது தெரிந்தது. அங்கேயே நின்றுவிட்டேன். வெள்ளைக்கு நீலம் போடாத ஊரா இது? வெளுத்த துணி மஞ்சளாடாமல் இருக்க அந்தக் காலத்தில் கைநிறைய நீலம் போடுவார்கள். எங்கள் ஊரில் நாம் வெள்ளை என்று சொல்வது வெள்ளையே அல்ல, லேசான நீலம். அந்த நீலத்தைப் போய் வெள்ளை என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அது நீலத்தையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு, படம் முழுக்க மஞ்சளைப் பூசிவிட்டது. வேறு ஊர்க்காரர் செய்தால் மன்னிக்கலாம். என் கையாலேயே எத்தனை தொட்டியில் நீலம் போட்டிருப்பேன்.

எலுமிச்சம்பழ நிறத்துக்குக் காரணம் நான்தான். அம்மா இல்லை.

இரண்டு நாள் சொல்லாமல் வைத்திருந்தேன். சொல்லத்தான் வேண்டுமா என்றுகூட நினைத்தேன். பிள்ளைக்கு அம்மா கிடைத்துவிட்டார், அழகாகவும் இருக்கிறார், அத்தை சொன்னதோடும் ஒத்துப்போகிறது. எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் நிறம் தப்பு. தப்பான நிறத்துக்கு ஓகே சொல்லிவிட்டுத் தூங்க எனக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் போனில் சொன்னேன். அவள் கம்பெனியில் இருந்தாள்; தையல் மெஷின் சத்தத்திலிருந்து வெளியே வந்து பேசினாள்.

"அப்பறம் எதுங்கக்கா நெசம்?" என்றாள்.

"எனக்கே தெரியாது கண்ணு. நிச்சயமான நெறம் ஒண்ணு வேணும். வாழையில நூறு பச்சை இருக்குது, அத நம்ப முடியாது. அந்தப் படத்துல இருக்கற சாமான் ஏதாவது உங்க ஊட்டுல இருக்குதா?"

"அம்மா துணியெல்லாம் காரியம் முடிஞ்சதுமே குடுத்துட்டாங்களாமுங்க." கொஞ்சம் யோசித்தாள். "அந்தக் கவுனு இருக்குதுங்கக்கா. நான் போட்டிருக்கறது."

இரண்டு அங்குலம்

அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு ஒரு மஞ்சள் பையில் அந்தக் கவுனைக் கொண்டுவந்தாள். அப்பா கட்டிங் மேஜையில் மிஞ்சிய துண்டை எடுத்துவர, அந்த ஆயுத பூஜைக்கென்றே அம்மா தைத்துப் போட்ட கவுன். உள்ளங்கை நீளம்கூட இல்லாத கைகள். அப்பா சாகும்வரை தன் பெட்டியில் வைத்திருந்தாராம்.

படத்தில் அது அழுக்கு ரோஸாகத் தெரிந்தது. கையில் இருந்ததோ வைக்கோலும் பச்சையும் கலந்த ஒரு சோகையான நிறம். போட்டுப் போட்டு, துவைத்துத் துவைத்து, பாதி சாயம் போய்விட்டது. இதை வைத்துக்கொண்டும் ஒன்றும் செய்ய முடியாது.

செய்ய முடிகிற வழி ஒன்று இருந்தது. அதைச் சொல்ல வாய் வரவில்லை. ஆனால் தங்கமணிக்கும் அது தெரியும். சாயம் போய்விட்டது என்று பையர் துணியைத் திருப்பி அனுப்பினால் நாங்கள் முதலில் செய்வது, கீழ் மடிப்பைப் பிரித்து உள்ளே பார்ப்பதுதான். வெயிலும் சலவையும் அதிகம் தொடாத இடம் அது. முதல் நாள் நிறம் அங்கே இருக்கும்.

தங்கமணி கவுனின் ஓரத்தைத் திருப்பினாள். கைத்தையல். பனியன் துணி இழுபடும் என்று தெரிந்து, நெருக்கமாக, சின்னச் சின்னதாகப் போட்டிருந்தார். ஒன்றிரண்டு இடத்தில் கோணல்.

"இது அம்மா போட்ட தையலுங்கக்கா."

"ஆமா. வேண்டாம்னா வேண்டாம். ரோஸ எடுத்துட்டுக் குத்துமதிப்பா ஒரு நெறத்துக்குக் கொண்டுவந்து குடுத்தர்றேன்."

அவள் வடக்கு ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்தாள். கவுனை மடியில் விரித்துத் தையலை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். நான் டீ போடப் போனேன். பாலைப் பொங்கவிட்டு, துடைத்து, மறுபடி போட்டு, எவ்வளவு மெதுவாகப் போட முடியுமோ அவ்வளவு மெதுவாகப் போட்டேன். டம்ளரோடு வந்தபோது, "ஒரு ஊசி குடுங்க. கத்திரி வேண்டாம்" என்றாள்.

நூலை அறுக்கவில்லை. முடிச்சை ஊசி முனையால் தளர்த்தி, ஒவ்வொரு தையலாக நூலை உருவி எடுத்தாள். எத்தனையோ பேர் தைத்ததைப் பிரித்த கைதான். அன்றைக்கு ஒவ்வொரு தையலுக்கும் நின்று நின்று போனது. இரண்டு அங்குலம் பிரித்ததும் நிறுத்தி, உருவிய நூலை அப்படியே கவுனில் தொங்கவிட்டாள். "பொறவு இதே நூல்லயே தெச்சுருவேன்" என்றாள்.

மடிப்பைத் திறந்தோம். உள்ளே கிளிப்பச்சை. நேற்றுத்தான் சாயத்தொட்டியிலிருந்து எடுத்தது மாதிரி இருந்தது.

கம்ப்யூட்டரை ஜன்னலுக்குப் பக்கத்தில் இழுத்துவைத்தேன். ஒரிஜினல் ரோஸ் படத்திலிருந்து மறுபடி தொடங்கினேன். அந்த இரண்டு அங்குலத்தைத் திரைக்கு அருகில் பிடித்துக்கொண்டு தங்கமணி நின்றாள். நான் நிறத்தைத் திருப்பினேன்.

"இன்னும் மஞ்சளா இருக்குதுங்கக்கா."

"இப்ப?"

"கொஞ்சம் தாண்டிருச்சு. பின்னால வாங்க. ஆங், நில்லுங்க. கருப்பு சாம்பலாட்டத் தெரியுது பாருங்க."

மெஷின் பெல்ட்டின் கருப்பைத் தனியாக இறக்கினேன். வெளுத்த பிலிமில் கருப்பெல்லாம் வெளிறியே நிற்கும்; முதல் தடவை அதை நான் கவனிக்கவில்லை. செக்கிங் டேபிளில் நிற்பவள்போல் ஒவ்வொன்றாகத் தள்ளினாள். இருபது வருஷம் முன்னால் அவளை என் லேபுக்குக் கொடுத்திருந்தால் எனக்கு எவ்வளவு சண்டை மிச்சமாகியிருக்கும். கடைசியில் திரையில் இருந்த கவுனும் கையில் இருந்த மடிப்பும் ஒரே பச்சையாக நின்றன. வாழைக்கன்று உயிரோடு இருந்தது. மேஜைத் துணி, இருக்க வேண்டியபடி, லேசான நீலமாக இருந்தது.

பச்சையையே பார்த்துக்கொண்டிருந்ததால் நாங்கள் இரண்டு பேருமே முகத்தைக் கவனிக்கவில்லை. பிறகுதான் பார்த்தோம்.

அம்மா கருப்பு. மாநிறம் என்று சமாளிக்கிற கருப்பும் இல்லை. எண்ணெய் வைத்த தலையும், மூக்குத்தியும், கருத்த கன்னத்தில் ஜன்னல் வெளிச்சமுமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். குழந்தையின் வயிற்றைச் சுற்றியிருந்த கை எங்கே முடிகிறது, குழந்தையின் கால் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

தங்கமணி தன் முன்கையைத் திரைக்குப் பக்கத்தில் வைத்தாள். அம்மாவின் கையை ஒரு தடவை, தன் கையை ஒரு தடவை என்று மாறி மாறிப் பார்த்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். சந்தோஷமாகத்தான் அழுதாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

அத்தை வந்தார்

அடுத்த வாரம் அத்தையைக் காரில் கூட்டிவந்தாள். எண்பதைத் தொட்ட மனுஷி, காதில் மட்டும் குறை. கண் தெளிவாக இருந்தது. என்னைப் பார்த்து, "நீதான் படத்துக்குச் சாயம் போடற அம்மிணியா?" என்றார். சாயத்தைத் திருப்பிக் கொண்டுவருகிறவள் என்று விளக்கினேன். இரண்டும் ஒன்றுதானே என்றார்.

திரையின் முன்னால் உட்காரவைத்து ஓட்டினேன். நாற்பது நொடி முடிந்தது. மறுபடி ஓட்டச் சொன்னார். மூன்றாவது முறை முடிந்ததும் தங்கமணி அவர் காதருகே குனிந்து, "அத்தை, அம்மா கருப்புங்க" என்றாள். குற்றம் சொல்கிற குரல் இல்லை. தகவல் மாதிரிதான் சொன்னாள்.

"எனக்குத் தெரியாதா" என்றார் அத்தை.

முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். "எங்கண்ணன் இவளத்தான் கட்டுவேன்னு நின்னாரு. கருப்பா இருக்கறா, வேண்டாம்னு ஊட்டுல குறுக்க நின்னவ நானு. அவ காதுபடவே சொன்னேன். அவ ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லல சாமி. எனக்குக் காச்சல் வந்தப்பக்கூட அவதான் கஞ்சி காச்சி ஊத்துனா. திடீர்னு போயிட்டா. மன்னிப்புக் கேக்கோணும்னா யார்கிட்டப் போய்க் கேக்கறது? அதுக்குத்தான் செவப்புன்னு சொல்ல ஆரம்பிச்சேன். செத்தவளுக்கு நல்லது ஒண்ணு சொல்றதா நெனச்சேன். சொல்லிச் சொல்லி அதுவே வாயில நின்னு போச்சு."

தங்கமணி அவர் காலருகில் தரையில் உட்கார்ந்தாள். "எனக்கு அம்மாகிட்ட இருந்து ஒண்ணுமே வரலேன்னு நெனச்சுட்டிருந்தேனுங்க அத்தை. இத்தன வருசமா."

அத்தை அவள் முகத்தைப் பிடித்துத் தூக்கி, திரையையும் அதையும் பார்த்தார். "முழுசா அவதான் நீ" என்றார். "உன்னைத் தலைவாரி விடறப்பவெல்லாம் அவளே வந்து உக்காந்த மாதரதான் இருக்கும். எனக்குத் தாங்காது. அதனாலயும்தான் அப்புடிச் சொன்னேன்னு வெச்சுக்க."

தங்கமணி கோபப்படுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவளோ அத்தையின் மடியில் தலையை வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் திரும்பி, "அந்த மஞ்ச அம்மா இன்னும் இருக்குதுங்களாக்கா?" என்று கேட்டாள். இருந்தது. நான் முதலில் தப்பாகச் செய்த படம், தனி பைலாக அப்படியே கிடந்தது. திறந்து காட்டினேன்.

அத்தை அதை ரொம்ப நேரம் பார்த்தார். "இது ஆரு? இவள எனக்குத் தெரியாது" என்றார்.

"அழிச்சுருங்கக்கா" என்றாள் தங்கமணி.

அந்தப் பைலைத் தேர்ந்தெடுத்தேன். நிரந்தரமாக அழிக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. நான் விரலைக் கொண்டுபோகும்போது அத்தை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இரு அம்மிணி. அவள உண்டு பண்ணுனவ நானு. எந்தக் கட்டைய அமுக்கோணும்னு காட்டு."

நான் எழுந்து நாற்காலியை விட்டேன். தங்கமணி அத்தையின் விரலைப் பிடித்து அந்தக் கட்டையின்மேல் வைத்தாள். அமுக்கியது அத்தைதான்.